மருந்து வாசனை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மந்தைவெளியில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு மாமா கிளம்பும்போதெல்லாம் அம்மா என்னையும் கூட அனுப்பிவைப்பாள். "மாமாவோட போ, மாமாவோடயே வா. நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது" என்பாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்குத் துணையாக மாமா வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். கிண்டியில் ஒரு பட்டறையில் வேலை. அவருக்கு அடிக்கடி வயிற்று வலி வரும். வந்தால் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அறை முழுக்க ஒரு வாசனை அடிக்கும். ஹோமியோபதி மருந்து என்று அம்மா சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதே பதில்தான். அந்த மருந்து தித்திக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு, எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஆலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கூட்டம் நடக்கும். முடிவில் டீயும் பன்னும் உண்டு. யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை நான். பன் வரும்வரை கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்குக் கூட்டத்தை நடத்திய அண்ணன், "உண்மைன்னா என்ன? புஸ்தகத்தைப் பார்க்காம சொல்லுங்க" என்றார்.

தியாகராய நகரில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒருவர் எழுந்தார். "அண்ணே, உள்ள கட்டுக் கட்டா சேலை கீது. நான் 'இது ஒண்ணுதாம்மா பாக்கி'ன்றேன். அந்தம்மாவும் சந்தோஷமா வாங்கினு போவுது. இது இன்னா கணக்கு?"

"மொதல்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணுடா" என்றது ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

கண்ணால் பார்த்ததுதான் உண்மை என்றார் ஒரு அக்கா. அப்படியானால் பார்க்காமல் விசுவாசிக்கிறோமே, அது என்ன என்று இன்னொருவர் மடக்கினார். எனக்குப் பன் மறந்துபோனது. பெரியவர்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் சாட்சி நேரம். அவரவர் வாழ்க்கையில் நடந்ததை எழுந்து நின்று எல்லார் முன்பும் சொல்வது எங்கள் சபை வழக்கம். பெரும்பாலும் பரீட்சையில் தேறியது, காய்ச்சல் விட்டது என்றுதான் இருக்கும். ஒருநாளும் எழாத மாமா அன்று எழுந்தார். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடிக்கிறேன். வருஷக்கணக்கா. நிறுத்த முடியல. எனக்காக வேண்டிக்குங்க."

மாமாவை எல்லோரும் கெட்டவர் என்று நினைத்துவிடுவார்களே! எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"பொய்! மாமா குடிக்கவே மாட்டாரு. அவருக்கு வயித்து வலி. அது மருந்து வாசனை."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் நடத்துகிற அண்ணன்.

"நானே பார்த்திருக்கேன். அம்மாவும் சொன்னாங்க."

கண்ணால் பார்த்ததும் ஆயிற்று, சொன்னதும் அம்மா. இதற்கு மேல் என்ன வேண்டும்? சிரிக்க வாயைத் திறந்த ஜவுளிக்கடைக்காரர் மாமாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"பாப்பா சொல்றது நிஜமா, தம்பி?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாமா உட்கார்ந்திருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்குத் தெரிஞ்சதை அவ சொல்றா. நான் சொன்னதுதான் நடந்தது" என்றார். அப்புறமும் உட்காரவில்லை.

வீட்டு வாசலில் அம்மா வழக்கம்போல் மாமாவின் முகத்தருகே வந்து நின்றாள். நான் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "என் தங்கம்" என்று என் தலையைத் தடவினாள். பிறகு மாமாவிடம், "ஊருக்கே சொல்லிட்டு வந்துட்டியேடா. இனிமே உனக்கு யாருடா பொண்ணு குடுப்பாங்க?" என்று அழுதாள்.

"இனிமே அதை மருந்துன்னு சொல்லாதக்கா" என்றார் மாமா.

மருந்தை வேறு எப்படிச் சொல்வதாம்? வயிற்று வலி குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மாமா காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த என் பன்னைப் பிரித்தேன்.