தன் மெட்டோடு ஒரு போட்டி

தொலைக்காட்சித் தொடரில் ஒருத்தி திடுக்கிட்டால், பாதித் திடுக்கிடல் நடிகையுடையது, மீதி அவளுடையது. வருடக்கணக்காகத் தொடர்களுக்குப் பின்னணி இசை போட்டு வந்தவள். ஊரில் பாதிப் பேர் தினமும் அவளைக் கேட்டார்கள், ஒருவருக்கும் அவளைத் தெரியாது. காலையில் கைக்கு வரும் எபிசோடு சாயங்காலமே ஒளிபரப்பாகும். யோசிக்க நேரமில்லாததால்தான் நன்றாக வந்தது என்பாள்; யோசித்துச் செய்ததைத்தான் சேனல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

வேலை நடந்தது வீட்டின் பின்னறையில். சத்தம் வெளியே போகாதிருக்கப் பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்திருந்தாள்; சத்தம் போகத்தான் செய்தது. கூடத்தில் இருக்கும் மாமியாருக்குக் கதை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"இன்னைக்கு யாரு சாகறா?"

"யாரும் சாகல அத்தை. மாமியார் நகையை ஒளிச்சு வைக்கிறா."

"அவ சும்மா பீரோவைத் தொறக்கறா. நீ வாசிக்கிறதுலதான் திருடியாத் தெரியறா."

"உங்களை நெனச்சு வாசிக்கல அத்தை."

"நெனச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

நாற்பது தாண்டிய பிறகு முதல் சினிமா வந்தது. தயாரிப்பாளர் சொன்னதால் டைரக்டர் ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: சீரியல் வாடை வரக்கூடாது. அவர் தொடர் எதையும் பார்த்ததில்லை. வாடையை மட்டும் நன்றாக அறிவார்.

எடிட்டிங் அறையில் முக்கியமான காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவனின் மனைவி, அவன் இறந்த பிறகு கடையைக் காலி செய்கிறாள். சுவர்க் கடிகாரங்களை ஒவ்வொன்றாக இறக்குகிறாள். அடியில் ஓர் இசை ஓடியது. இந்தத் தொழிலில் இது வழக்கம். இசையமைப்பாளர் வருவதற்கு முன், காட்சிக்கு ஒரு நடை கிடைக்கட்டும் என்று எடிட்டர் எங்கிருந்தாவது ஒரு மெட்டை இரவல் வாங்கிப் போட்டு வைப்பார். மாதக்கணக்கில் அதைக் கேட்கும் டைரக்டருக்கு, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனாகிவிடுவான்.

"ஏதோ வெளிநாட்டுப் படத்துல வந்தது மேடம்," என்றார் டைரக்டர். "இந்த அளவுக்கு வேணாம். பக்கத்துல வந்தாக்கூடப் போதும்."

அவளுக்கு ஏற்கெனவே காது சிவந்திருந்தது. மருமகள் பாலில் எதையோ கலக்கும் காட்சிக்கு, அடுப்பில் வைத்ததை இறக்குவதற்குள் அவள் போட்ட மெட்டு அது. எடிட்டரைப் பார்த்தாள். அவர் மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே நடையில் வைத்து அவரைப் பிடித்தாள்.

"சீரியல்ல இருந்தப்ப எடுத்து வெச்சிருந்தேங்க்கா. பாதி வேகத்துல ஓட்டினேன், அவ்ளோதான். வெளிநாடான்னு அவரே கேட்டாரு. நான் இல்லைன்னு சொல்லல."

அதையே பயன்படுத்தவும் வழியில்லை. உரிமை சேனலிடம் இருந்தது. புதிதாக ஒன்று போட்டாள். "நல்லாருக்கு மேடம், ஆனா அதுல இருக்கற வலி இதுல இல்ல," என்றார் டைரக்டர். இரண்டாவதையும் தள்ளினார். "இன்னொரு தடவை பாப்போம். அப்புறம் புரொடியூசர்கிட்ட பேசித்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்தவர்.

"உன்னோடதுன்னு சொல்லிட்டுப் போயேன்," என்றாள் மாமியார்.

"சொன்னா அதைத் தூக்கிப் போடுவாரு அத்தை. கூடவே என்னையும்."

"அப்ப உனக்கு நீயே சக்களத்தி."

அந்தச் சொல்தான் அவளை உசுப்பியது. குறை தன் புது மெட்டுகளில் இல்லை, டைரக்டரின் காதில் என்று புரிந்தது. பழகிய காதைப் பட்டினி போட வேண்டும். எடிட்டருக்குப் போன் செய்தாள்.

"அந்த மியூசிக்கை எடுத்துடுங்க. இனிமே அவர் பாக்கறப்பெல்லாம் வெறும் கடிகாரச் சத்தம்தான் இருக்கணும். கேட்டா, ஃபைல் திறக்க மாட்டேங்குதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லணுமாக்கா?"

"வெளிநாடுன்னப்போ கூசலையே."

தன் காதையும் பட்டினி போட்டாள். தினமும் போய் அந்தக் காட்சியை இசையில்லாமல் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது: அந்தப் பெண் ஒவ்வொரு கடிகாரத்தையும் பெட்டியில் வைக்குமுன் முந்தானையால் துடைக்கிறாள், நாளைக்கு யாரோ வாங்க வரப்போவது போல. பழைய மெட்டு அவளுக்காக அழுதுகொண்டிருந்தது. அவளோ அழவேயில்லை, வேலை பார்க்கிறாள். துடைக்கும் கைக்கு மட்டும் இவள் ஒற்றை வயலின் எழுதினாள். கை நின்றால் அதுவும் நிற்கும். யாரையும் அழச் சொல்லாது. வருடக்கணக்காக எல்லோரையும் அழச் சொல்லிப் பிழைத்தவளுக்கு அது சுலபமாக வரவில்லை. ஆனால் வந்தது.

டைரக்டர் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பழசு இருந்தா ஒரு தடவை போடுங்க, ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

திறக்க மறுத்த ஃபைல் உடனே திறந்துகொண்டது. நாலு நொடி கேட்பதற்குள் அவர் முகம் சுளித்தார்.

"இதையா இத்தனை நாள் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன்? சீரியல் மாதிரி இருக்கு மேடம்."

எடிட்டருக்கு இருமல் வந்தது.

"ஆமா சார்," என்றாள் அவள். "பால்ல எதையோ கலக்கற மாதிரி இருக்கு."

"கரெக்ட். அதேதான்."

படம் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் பேருந்தில் ஏறினாள். பாதி வழி தாண்டிய பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அந்தப் பழைய மெட்டின் சார்பாக.