முட்டிவலி பெஞ்சு

மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்த மெக்கானிக்குக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அந்தச் சின்னப் பூங்காவில் புல் முளைத்ததே தன்னால்தான் என்பது. ஒரு காலத்தில் அது நகராட்சி லாரிகள் நிற்கும் இடம். லாரிகள் வேறிடம் போனதும் கடை கட்டி விற்கப் பார்த்தார்கள். சுற்றுத் தெருக்காரர்கள் வாசலை மறித்து உட்கார்ந்து அதைப் பூங்காவாக்கினார்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரை மெக்கானிக் சும்மாவே சரிசெய்து கொடுத்தார்.

“தண்ணி குடுத்தது மோட்டாரு. நீங்க கம்பி சுத்துனீங்க, அவ்வளவுதானே?” என்பாள் மனைவி.

இரண்டாவது பெருமை, தன் பேச்சு. பூங்காவைப் பெருக்கும் அக்கா காலைச் சாப்பாட்டைச் சாமான் அறை ஓரம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அவள் உட்கார்ந்தால் பெஞ்சு அழுக்காகிவிடுமாம். பூங்காச் சங்கத் தலைவரின் ஏற்பாடு. “உட்கார்ந்து போராடி வாங்கின இடம் இது! இதைப் பெருக்குற மனுஷிக்கு உட்கார இடமில்லையா?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மெக்கானிக் முழங்குவார். தலைவர்தான் முதலில் கை தட்டுவார். மறுநாளும் அக்கா தரையில்தான் உட்காருவாள். மெக்கானிக் என்னவோ கைதட்டலை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்.

இப்படி இருக்கையில், குழாயடிப் பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டிவலி போகிறதென்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பகுத்தறிவு பேசும் மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கும் முட்டிவலி உண்டு. காலை நடையை நிறுத்திவிட்டு, தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, வலி போகாதென்று காட்டுவதாகச் சவால் விட்டார்.

பாழாய்ப்போன வலி குறைந்து தொலைத்தது.

“நடக்குறதை நிறுத்தினேன், குறைஞ்சுது. இதுல பெஞ்சு என்னங்க பண்ணுச்சு?”

“ஒத்துக்கிட்டாருப்பா! இவரே ஒத்துக்கிட்டாரு!”

மூடநம்பிக்கையை ஒழிக்கப் போனவர் அதற்கு முதல் சாட்சியாகிவிட்டார். பெஞ்சுக்கு முன்னால் வரிசை நின்றது. தலைவரே நொண்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தீங்க?”

மெக்கானிக் திரும்பினார். சாமான் அறை ஓரத்தில் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். அவர் வாய் தானாகப் பேசியது.

“பக்கமெல்லாம் இல்லை. முதல்ல அந்த அக்கா உட்காரணும். அவங்க எழுந்த பிறகு நாம உட்காரணும். அதுதான் விஷயம்.”

மறுநாள் காலை தலைவர் தன் துண்டாலேயே பெஞ்சைத் துடைத்தார். “உட்காரும்மா. நல்லா சாஞ்சு உட்காரு. மெதுவா சாப்பிடு, அவசரமே இல்லை.”

காலமெல்லாம் பகுத்தறிவு பேசிச் சாதிக்காததை ஒரு புளுகு சாதித்துவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

அக்கா அவரைத் தனியே கூப்பிட்டாள். “இது நெசமாண்ணே?”

“பொய்க்கா.”

“நல்ல பொய்தான். நாளைக்கு யாருக்காவது வலி போகலைன்னா என்னைத்தானே ஏசுவாங்க? என் வேலைக்கு உலை வச்சுட்டீங்களே!”

இதை அவர் யோசிக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். “நான் சொன்னது அப்பட்டமான பொய். யார் உட்கார்ந்தாலும் அது வெறும் பெஞ்சு. அந்த அக்கா உட்காரணும், உரிமையா உட்காரணும்!”

“என்ன தன்னடக்கம்!” என்று தலைவர் கை தட்டினார்.

அக்கா பயந்தபடியே ஒரு வாரத்தில் தலைவர் வந்து நின்றார். “என்னம்மா, என் முட்டி அப்படியேதான் இருக்கு? நீ சரியா உட்காரலையோ?”

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அக்கா தூக்குப்பாத்திரத்தை மூடினாள். “பெஞ்சு சரியில்லைன்னு நினைக்கிறேன் சார். மாத்திப் பார்க்குறேன்.” நேரே போய் மர நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வரிசையும் பின்னாலேயே போனது. பிறகு வேலியோரப் பெஞ்சு, பிறகு வாசல் பெஞ்சு. எல்லாப் பெஞ்சும் தீர்ந்தபோது முட்டிவலிப் பேச்சும் அலுத்துப்போயிருந்தது. அவள் எழுந்த இடத்தில் உட்கார அடித்துப்பிடித்து ஓடியவர்களுக்கு, இனி அழுக்கென்று சொல்ல முகமில்லை. அக்காவுக்கு நிழல் பெஞ்சே நிலைத்தது.

ஒருநாள் காலை மெக்கானிக் அவள் எதிரில் நின்று, இது ஏன் சரியான வெற்றி ஆகாது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்காக இவ்வளவு பேசுறீங்க. தரையில இருந்தப்பவும் சரி, இப்பவும் சரி, ஒரு நாளாவது பக்கத்துல உட்கார்ந்தீங்களாண்ணே?”

கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். மறுபடி நடக்கத் தொடங்கியிருந்ததால் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் வலி துளிகூடக் குறையவில்லை. அதை நிரூபித்துக் காட்ட, அப்போது பார்த்து அக்காவைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.