தளத்துக்கு அடியில்

கான்கிரீட் போடும் நாளில் சென்ட்ரிங் மேஸ்திரி தளத்துக்கு அடியில்தான் நிற்பார். மேலே கொட்டக் கொட்ட, பலகையைத் தாங்கும் முட்டுகள் அசைகின்றனவா என்று பார்க்க ஒருவர் வேண்டும். எண்ணூரில் நாங்கள் கட்டிய கிடங்கில் அந்த மேஸ்திரி வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அடியில் போகுமுன் சைட் இன்ஜினியரான என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "முட்டெல்லாம் சரியா கீதா சார்?" நான் தலையாட்டினால் போதும், போய்விடுவார்.

அன்றும் தலையாட்டினேன். மூன்றாவது லாரி கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் எலக்ட்ரீஷியன்களின் தள்ளுவண்டி போவதற்காக, கிழக்கு மூலையில் இரண்டு முட்டுகளை எடுக்கச் சொன்னவன் நான். திரும்ப வைக்கச் சொன்னேனா? இல்லை. மேஸ்திரியிடமும் சொல்லவில்லை. கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்பின் குழாய் அந்த மூலையை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

பம்பை நிறுத்தச் சொன்னேன். "என்னய்யா ஆச்சு?" என்று மேனேஜர் கத்தினார். பம்பில் ஏதோ சத்தம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் யோசித்தேன். அப்படிச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஓட்டிவிடுவார்கள். மேஸ்திரி அடியில் இருக்கிறார்.

"கீழ ரெண்டு முட்டு இல்ல சார். எடுக்கச் சொன்னது நான்தான்."

யாருடைய முகத்தையும் பார்க்காமல் கீழே ஓடினேன். மேஸ்திரியை வெளியே இழுத்துவந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு சவுக்குக் கட்டைகளைத் தானே தூக்கிப்போய் நட்டு, ஆப்பு அடித்தார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்ல பொண்ணுங்க ரெண்டு கீதுங்க சார்" என்றார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

அடுத்த தளம் போட்ட அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்த்தார். நான் காலையிலேயே இரண்டு தடவை எண்ணியிருந்தேன். சுருக்கென்றது. பம்பு ஓடத் தொடங்கியதும் நானும் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ இன்னாத்துக்கு சார் கீழ வந்துகீற?"

"முட்டெல்லாம் நானும் எண்ணியிருக்கேன் மேஸ்திரி. அதான்."

தலைக்கு மேல் கான்கிரீட் பொத்பொத்தென்று விழுந்தது. பலகை இடுக்கில் சிமெண்ட் தண்ணீர் சொட்டியது. அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.