சுத்தம் பண்ணின நடுகல்

பம்பு தயாரிக்கும் முதலாளி ஒருவர் பெரியநாயக்கன்பாளையத்தில் தன் ஆலையை ஒட்டி ஒரு சின்ன அருங்காட்சியகம் கட்டினார். எந்தப் பொருளை எங்கே வைப்பது, விளக்கு எப்படி விழ வேண்டும் என்று வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அவர் சேர்த்து வைத்திருந்ததில் முக்கால்வாசி, யார் வீட்டையோ இடித்தபோது வாங்கிய தூணும் கதவும். ஒரே ஒரு பொருளுக்காகத்தான் வேலையை ஒப்புக்கொண்டேன்.

அது ஒரு நடுகல். சூலூர்ப் பக்கம் அவருடைய தோட்டத்தைச் சமப்படுத்தும்போது கிடைத்தது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரன். கையில் வில், காலடியில் ஒரு மாடு. தலைக்கு மேல் வட்டெழுத்தில் சில வரிகள். மண்ணும் சுண்ணாம்பும் இறுகிப்போயிருந்ததால் 'மகன்' என்ற ஒரு சொல்லை மட்டும் விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். இன்னார் மகன் இன்னான் பட்டான் என்றுதான் இப்படிப்பட்ட கல்லில் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் பெயர் அதற்கு அடுத்து. அந்த ஆளின் பெயர் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெறியே பிடித்துவிட்டது. கல்வெட்டு படிக்கும் பேராசிரியர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்தேன். ஈரத்தாளை ஒற்றி, மை தட்டிப் படியெடுத்தால் படித்துவிடலாம் என்றார்.

அவரோடு நான் போய் இறங்கியபோது கல் வாசலில் வெள்ளை வெளேரென்று நின்றது.

"பெரியவங்க வர்ற நேரத்துல அழுக்கோட வெச்சிருந்தா நல்லாவாங்க இருக்கும்? நம்ம பட்டறையிலயே ஷாட் பிளாஸ்டிங் குடுத்துப்போட்டேனுங்க" என்றார் முதலாளி, முகமெல்லாம் சிரிப்பாக.

வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணல் போக, எஃகுக் குண்டுகளை வேகமாகப் பீய்ச்சி அடிப்பார்களே, அது. இந்த ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அழுக்கு என்றால் அது ஒன்றுதான் வைத்தியம். வீரனுக்கு முகம் இல்லை. எழுத்து இருந்த இடம் அம்மி கொத்தின மாதிரி வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் முன்பு கைப்பேசியில் எடுத்த படங்களிலோ மண்தான் தெரிந்தது.

பேராசிரியர் கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். "போயிருச்சுங்க" என்றார்.

"எழுத்துத்தானுங்களே? மெசின்ல வெட்டிக்கலாங்க. என்ன எழுதோணும்னு மட்டும் சொல்லுங்க."

பேராசிரியர் கொண்டுவந்த தாளையும் மையையும் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அப்ப என்ற அப்பாரு பேரையே போட்டரலாங்க. மொதல்ல காப்பி சாப்பிடுங்க."

கேலியோ திமிரோ இல்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதனை அடியோடு அழித்துவிட்டு, சர்க்கரை போதுங்களா என்று கேட்கிறார். காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்த வேலையையும் விட்டேன்.

சொன்னபடியே வட்டெழுத்தில் அப்பாருவின், அதாவது அவர் தாத்தாவின், பெயரை வெட்டினார்கள். புதிதாகத் தெரிகிறதே என்று எண்ணெயும் கரியும் தேய்த்துப் பழசாக்கினார்களாம்.

சமீபத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், நான் அங்கே வேலை பார்த்தவன் என்று கேள்விப்பட்டு, அந்தக் கல்லைப் படியெடுத்து எனக்கு அனுப்பி, எந்தக் காலத்து எழுத்து என்று கேட்டிருந்தார். "போன வருசத்து எழுத்துங்க" என்று பதில் போட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அவருடைய கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் முதலாளியின் தாத்தா மாடு மீட்கப் போய் வீரமரணம் அடைந்திருக்கிறார்.