பதில் போய்ச் சேராத பிசிசி

சென்ற புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்கு ஒரு மெயில் வந்தது. அன்றிலிருந்து ஆறு நாட்களாக நான் நானாக இல்லை. படபடப்பு, ஓட்டம், பயம், பரவசம்... அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் உடம்புக்கு ஆகாது என்கிறார் டாக்டர். அவருக்கென்ன தெரியும்?

மெயிலில் இருந்தது இவ்வளவுதான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி. அங்கே தர மேலாளர் பதவிக்கு மகேஸ்வரி என்பவர் விண்ணப்பித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. முன்பு உங்களிடம் வேலை பார்த்ததாகச் சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி உங்கள் கருத்தை எழுதி அனுப்ப முடியுமா என்று எச்.ஆர். கேட்டிருந்தார்.

முடியுமாவா! கார்களுக்குக் கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் நான் தர மேலாளராக இருந்தபோது, ஐந்து வருடம் எனக்குக் கீழே இன்ஜினியராக இருந்தவர் மகேஸ்வரி. அவரைப்போலக் கூர்மையான கண் அந்த உற்பத்தி லைனில் வேறு யாருக்கும் கிடையாது. உற்சாகமாக 'ரிப்ளை' அழுத்தப் போனேன்.

அப்போதுதான் சிசி வரிசையைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பெயர். சிவராமன்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

சிவராமன் அந்தத் தொழிற்சாலையின் பிளான்ட் ஹெட்டாக இருந்தவர். என்னுடைய மேலதிகாரி. இப்போது இந்தப் புதுக் கம்பெனிக்கு ஆலோசகர். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ மேஜையில் உட்காரப் போகிறவர்களில் ஒருவர். மகேஸ்வரியைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. மோசமான அபிப்பிராயம். அது எப்படி வந்தது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

அந்த ஆள் நான்.

விஷயத்துக்கு வருமுன் ஒரு சின்ன விளக்கம். சிசி என்றால் என்ன? 'இது இவருக்கும் தெரிந்திருக்கட்டும்' – அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், தெரிந்துகொள்ள வேண்டியவர் இன்னொருவர். ஆனால் எங்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதுவே ஓர் ஆயுதம். லைனில் மெஷின் நின்றால் முதல் மெயில் மெயின்டனன்ஸ் ஆளுக்கு மட்டும் போகும். அரை மணி கழித்து அதே மெயில், அவருடைய மேலாளர் சிசியில். மதியத்துக்குள் பிளான்ட் ஹெட் சிசியில். மெயிலில் ஒரு வார்த்தைகூட மாறியிருக்காது. பெயர்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். "இன்னாபா, சிசி போட்டுடவா?" என்று கேட்டாலே போதும், ஸ்பேனரோடு ஆள் ஓடி வருவார்.

பிசிசி? அதில் போட்ட பெயர் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் நியாயமான வேலை உண்டு. ஒரு வருடம் ஆயுத பூஜை அழைப்பை எங்கள் பர்ச்சேஸ் ஆபீசர் சப்ளையர்கள் அத்தனை பேரையும் சிசியில் போட்டு அனுப்பினார். ஒரே பொருளை எங்களுக்கு விற்கிற போட்டிக்காரர்கள் ஒருவர் முகவரியை இன்னொருவர் சாவகாசமாகக் குறித்துக்கொண்டார்கள். அதோடு போயிற்றா? 'நன்றி சார், கட்டாயம் வருகிறோம்' என்று ஒவ்வொருவரும் 'ரிப்ளை ஆல்' அழுத்த, இரண்டு நாள் எங்கள் இன்பாக்ஸ் முழுக்க நன்றிதான். பிசிசியில் போட்டிருந்தால் பூசணிக்காய் உடைத்ததோடு விஷயம் முடிந்திருக்கும்.

இதையெல்லாம் பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை – பிசிசியை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை.

இப்போது எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலை. லைன் ஓரமாக மகேஸ்வரி என்னை நிறுத்தினார். ஒரு லாட் கீல்களில் துளை மயிரிழை அளவு தள்ளியிருக்கிறது, அனுப்ப வேண்டாம் என்றார். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. கார் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே இரண்டு போன். நான் கீலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போகட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

லாரி போனது. மூன்றாம் நாள் மொத்த லாட்டும் திரும்பி வந்தது, புகாரோடு.

அன்று மாலை மகேஸ்வரிக்கு ஒரு மெயில் எழுதினேன். மிக மரியாதையான மெயில். 'லாட்டை அனுப்பும் முன் இந்தக் குறையை ஏன் என் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை? விளக்கம் தேவை.' 'டு'வில் மகேஸ்வரி மட்டும். சிசியில் யாரும் இல்லை. பிசிசியில் சிவராமன்.

பிசிசிக்கு ஒரு குணம் உண்டு. அதில் இருப்பவருக்குக் கேள்வி போகும், பதில் போகாது. பதில் எழுதுகிறவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தினாலும் போகாது. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியாதே? எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

மகேஸ்வரி உடனே பதில் எழுதினார். 'சார், அன்று காலை லைன் ஓரமாக உங்களிடம் சொன்னேன். போகட்டும் என்றீர்கள். வேலை நெருக்கடியில் மறந்திருப்பீர்கள்.' மறந்திருப்பீர்கள் – குற்றம் சாட்டக்கூட இல்லை, எனக்குத் தப்பிக்க வழி விட்டு எழுதியிருந்தார். அது எனக்கு மட்டும் வந்தது. நான் அதை அழித்தேன். நேரில் அவரைக் கூப்பிட்டு, "சரி விடும்மா, பெருசு பண்ண வேணாம்" என்று தாராளமாகச் சொல்லியும் அனுப்பினேன்.

அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் மகேஸ்வரியின் பெயர் இல்லை. தரப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கண்ணெதிரே குறையுள்ள லாட்டை விட்டவரை நம்பி எப்படி லைனைக் கொடுப்பது என்று சிவராமன் என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் மகேஸ்வரி வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த மகேஸ்வரிதான் இப்போது, இத்தனை கம்பெனி மாறிய பிறகும், தன்னைப் பற்றி நல்லது சொல்ல என் பெயரைக் கொடுத்திருக்கிறார்!

மகேஸ்வரியைக் கூப்பிடப் போனை எடுத்தேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி, "இதையும் போன்லயே முடிச்சுரலாம்னு பாக்கறீங்களா? நேர்ல போங்க" என்றாள். படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். நெஞ்சு ஆட்டோவைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

மகேஸ்வரி இப்போது வேலை பார்ப்பது வல்லம் பக்கம். பகல் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா சார், வெயில்ல நின்னுகினு கீறீங்க? போன் பண்ணா நானே வூட்டாண்ட வந்திருப்பேனே. மெயில் வந்துச்சா? உங்க பேரத்தான் சார் குடுத்தேன். அந்தப் பழைய கம்பெனில என்கிட்ட மொகம் குடுத்துப் பேசுனது நீங்க ஒருத்தருதான்."

டீக்கடை ஓரமாகத் தள்ளிப்போய் நின்று, சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. பிசிசியை, அழித்த பதிலை, சிவராமன் கேட்டபோது வாயை மூடிக்கொண்டதை... எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த டீ ஆறிப் போனது.

"ஒன்றர வருசம் சார்" என்றார் கடைசியில். "ஸ்டோர்ல நட்டு போல்ட்ட பாத்துகினு உக்காந்திருந்தேன். எதுனாலன்னு யாருமே சொல்லல. எனக்குத்தான் வேல தெரிலபோலன்னு நெனச்சுகினேன். அதுக்கப்பறம் போன எடத்துலல்லாம் ஒரு பீஸ மூணு தடவ அளப்பேன். இன்னிக்கும் அளக்கறேன்."

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய?

"அத அப்பறம் பாத்துக்கலாம் சார். வெள்ளிக்கெழம இன்டர்வியூ. சிவராமன் சார் உக்காந்துகினு இருப்பாரு. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

உன்னைப்போல ஒரு இன்ஜினியர் கிடைப்பது அபூர்வம், அதை நன்றாக எழுதுகிறேன் என்றேன்.

தலையை ஆட்டினார். "என்னிய நல்லவள்னு எழுத வேணாம். அன்னிக்கு நான் போட்ட பதில் உங்க ஒருத்தருக்குத்தான் வந்துச்சு. என்னாண்ட இல்ல, ஆபீஸ்லயும் இருக்காது. அத எழுதுங்க." கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. ஏறப் போனவர் படியில் நின்று திரும்பினார். "ஆனா எனக்குத் தெரியாம எழுதாதீங்க சார்."

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான்! முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. 'அன்றைய சூழலில் தகவல் பரிமாற்றத்தில் ஓர் இடைவெளி நேர்ந்துவிட்டது' என்றெல்லாம் ஒரே அழகு. தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, "எல்லாம் சரி... இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள்.

அழித்தேன். இந்த முறை அழிக்க வேண்டியதை.

அடுத்து, யாரை எங்கே போடுவது? கேட்டவர் எச்.ஆர்., அவருக்கு மட்டும் எழுதினால் போதாதா? போதாது. தவறான சேதியைப் படித்தவர் சிவராமன். அவர்தான் 'டு'. எச்.ஆர். சிசி. மகேஸ்வரி? இப்படிப்பட்ட கருத்தை விண்ணப்பித்தவருக்குக் காட்டும் வழக்கம் கிடையாது. பிசிசியில் போட்டுவிடலாமா என்று பழைய கை ஒரு நொடி அந்தப் பக்கம் போனது – உங்களிடம் மறைப்பானேன்? அவர் பெயரையும் சிசியிலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி போட்டேன். அவர் அறியாமல் அவரைப் பற்றி எழுதுவதில்லை என்று முதல் வரியிலேயே எச்.ஆருக்குச் சொல்லிவிட்டேன்.

மீதி மெயில் இதுதான்: 'அன்புள்ள சிவராமன் சார், திரும்பி வந்த கீல் லாட்டைப் பற்றி நான் மகேஸ்வரியிடம் விளக்கம் கேட்டதை நீங்கள் படித்தீர்கள். அவர் சொன்ன பதிலை நீங்கள் படிக்கவில்லை, நான் அழித்துவிட்டேன். அந்தக் குறையை அவர் லாரி கிளம்பும் முன்பே என்னிடம் சொன்னார். அனுப்பச் சொன்னவன் நான். குற்றம் என்னுடையது. தண்டனை அவருக்குப் போனது.'

'சென்ட்' அழுத்திவிட்டேன். பயமா? பாதிதான். மீதிப் பாதி... எப்படிச் சொல்வேன், பன்னிரண்டு வருடம் மூடிக் கிடந்த ஒரு அறையின் ஜன்னலைத் திறந்த மாதிரி ஒரு குதூகலம். எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இன்பாக்ஸைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டோடு போய்ப் பார்த்தேன்.

பகல் இரண்டரைக்கு வந்தது. சிவராமன். 'ரிப்ளை ஆல்'.

'படித்தேன். அன்று அந்தப் பெண்ணை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அது என் குற்றம். நாளை கேட்கிறேன்.'

இந்தக் காலத்தில் மூன்று பேர் பார்க்க 'என் குற்றம்' என்று யார் எழுதுகிறார்கள், சொல்லுங்கள்? அவர் எழுதினார். எனக்கு எழுதப் பன்னிரண்டு வருடம் ஆனது. அவருக்கு ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மகேஸ்வரியிடமிருந்து போன். இன்டர்வியூ ஒரு மணி நேரம் நடந்ததாம். முதலில் சிவராமன் நாற்காலியிலிருந்து எழுந்து, அன்று கேட்காததற்காக வருத்தம் தெரிவித்துவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்தாராம். பின்னர் ஒரு கேள்வி போட்டிருக்கிறார் – உங்கள் பழைய மேனேஜர் மறுபடி வேலைக்கு வந்தால் உங்கள் டீமில் எடுப்பீர்களா?

"நீ இன்னம்மா சொன்ன?" என்றேன். எனக்கே ஒரகடம் பாஷை வந்துவிட்டது.

"எடுப்பேன்னு சொன்னேன் சார். வேல தெரிஞ்சவருதான். ஆனா அவரு அனுப்பற ஒவ்வொரு மெயில்லயும் சிசில நான் இருக்கணும்னேன். சிரிச்சுட்டாரு."

அப்படியென்றால் என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "வெச்சுடறேன் சார், கொழந்தைக்கு சாப்பாடு குடுக்கணும்" என்றார். நியாயம்தான். கேட்டது நான், பதில் எப்போது என்பது அவர் இஷ்டம்.

நேற்று வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. தர மேலாளர், மகேஸ்வரி! எனக்கு வேலை கிடைத்தபோதுகூட நான் இப்படித் தெருவில் நின்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னதில்லை.

இந்த வயதில் யார் டீமிலும் சேர முடியாது. ஆனால் அவர் போட்ட நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன் – இந்தப் பத்தியைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பும் மெயிலில், சிசியில் மகேஸ்வரி இருக்கிறார்.