அக்கா கேட்ட லைசென்ஸ்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தெரு முனையில் இருக்கும் பப்பின் யன்னல் கண்ணாடியில் ஒருநாள் காலை ஒரு வெளிர் நீலத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மது விற்க அனுமதி கேட்பவர்கள் அப்படித்தான் ஒட்ட வேண்டும். நிறம் நீலமாக இருக்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் நின்று வாசிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், இருபத்தெட்டு நாட்கள் கிழியாமல் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நானும் நின்று வாசித்தேன். எத்தனை மணி வரை விற்கப்படும், பின்பக்கத் தோட்டம் எப்போது மூடப்படும், ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும் என்றெல்லாம் இருந்தது. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாக, ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் என் பேருந்து போய்விட்டது.

அவரை எங்கள் பகுதித் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். நேரில் 'அக்கா' என்பார்கள், அவர் போனபின் 'பப்காரி' என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை காத்திருந்து, முடிவானதும் கிடைத்த முதல் வேலையாக அந்தப் பப்பின் சமையலறையில் கோப்பை கழுவச் சேர்ந்தவர். பிறகு சமைத்தார். பிறகு முன்னால் வந்து பியர் ஊற்றினார். அங்கு வேலை செய்த பதினேழு வருடத்தில் ஒரு துளியும் குடித்ததில்லை என்று சொல்வார்கள். அவர் அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 'எனக்கு அந்த மணம் பிடியாது' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பப்பை நடத்திவந்த நிறுவனம் நொடித்துப்போனது. லைசென்ஸ் அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், உரிய காலத்துக்குள் யாரும் மாற்றிக்கொள்ளாமல் அதுவும் செல்லாமல் போயிற்று. கட்டடச் சொந்தக்காரர் அக்காவுக்கே குத்தகைக்குத் தரத் தயாராக இருந்தார். ஆனால் லைசென்ஸ் புதிதாக எடுக்க வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் நீலத் தாள் ஒட்ட வேண்டும். நீலத் தாள் ஒட்டினால் யாரும் எதிர்த்து எழுதலாம்.

எதிர்த்து எழுதியது நான்தான்.

அப்போது நான் பாதாள ரயில் நிலையமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஊரில் ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெற்றவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மேசைக்கு ஆட்கள் கடிதங்களோடு வருவார்கள். குடிவரவு அலுவலகத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, அரசு உதவிப்பணமான பெனிபிட் நிறுத்தப்பட்டால் அதற்கு. எல்லாம் எழுதிக் கொடுப்பேன். அந்த ஞாயிறு எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவர் வந்தார். மூன்று கடைகள் வைத்திருந்தவர். கோயில் திருவிழாவிலும் சாவீட்டிலும் முன்வரிசையில் நிற்பவர். தேநீரைக்கூடத் தொடவில்லை.

"தம்பி, எங்கட பொம்பிளை ஒராள் குடிக்கிற இடம் நடத்துறது எண்டால் நாங்கள் எங்கட பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது? கவுன்சிலுக்கு நல்ல இங்கிலிசிலை ஒண்டு எழுதும். சனத்திட்டைக் கையெழுத்து நான் வாங்கித் தாறன்."

அவர் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் அண்ணை குடியால் செத்தவர். ஹரோவில் ஒரு வாடகை அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் போத்தல்களோடு கிடந்தவரை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் முழுவதும் எங்களோடு வால்தம்ஸ்டோவில் இருந்தவர். சண்டை பிடித்துக்கொண்டு போனவர். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருந்த எனக்கு அந்த நீலத் தாள் வசதியாக வாய்த்தது. இரண்டு பக்கம் எழுதினேன். பண்பாடு, பெண்மை, இளம் தலைமுறை, சமூகத்தின் மானம் எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. தலைவர் முப்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு அனுப்பினார்.

எதிர்ப்புக் கடிதங்களின் பிரதியை விண்ணப்பதாரருக்குக் கவுன்சில் அனுப்பும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து நாள் கழித்து அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் என் இரண்டு பக்கங்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"இது நீங்கள் எழுதினதுதானே, தம்பி?"

"ஓம்."

"இங்கிலிஸ் நல்லா இருக்கு." குரலில் கேலி இல்லை. "உங்கட தலைவர் ஆள் அனுப்பினவர். ஒரு வெள்ளைக்காரன்ர பேரிலை லைசென்ஸ் எடுத்துப்போட்டு நான் உள்ளுக்கை இருந்து நடத்தலாமாம். அப்பிடியெண்டால் சங்கம் கடிதத்தைத் திருப்பி எடுக்குமாம். லைசென்சுக்குரிய சோதினையை நான் எழுதிப் பாஸ் பண்ணினனான். பொலிஸ் என்ர பேரைப் பாத்து ஓம் எண்டிட்டுது. பிறகு ஏன் நான் இன்னொருத்தன்ர பேருக்குப் பின்னாலை ஒளிக்கவேணும்?"

பக்கங்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை விசாரணை. எழுதினவர் வந்து வாசிக்கலாம். வருவியள்தானே?"

வருகிறேன் என்றேன். வராமல் இருந்தால் கோழை என்று நினைப்பார் என்பதைவிட அதற்கு வேறு காரணம் இல்லை.

விசாரணை நகரமண்டபத்தின் ஒரு சிறிய அறையில், காலை பத்து மணிக்கு நடந்தது. நீதிமன்றம் போல உயரமான மேடை எதுவும் இல்லை. நீள்சதுரமாகப் போட்ட மேசைகளைச் சுற்றி எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று கவுன்சிலர்கள், நடுவில் தலைமை வகித்த நரைத்த தலைப் பெண்மணி, பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்க ஒருவர். ஒவ்வொரு தரப்புக்கும் ஐந்து நிமிடம். பொலிசுக்கு ஆட்சேபம் இல்லை. கமெரா வைப்பது, இளமையாகத் தெரிபவர்களிடம் அடையாள அட்டை கேட்பது போன்ற நிபந்தனைகளை அக்கா முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். எதிரே கட்டிய புதிய அடுக்குமாடியிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி தோட்டத்துச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பந்தியிலேயே சட்ட ஆலோசகர் கையை உயர்த்தினார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். இந்தக் குழு நான்கு விஷயங்களை மட்டுமே பார்க்கலாம்: குற்றம் நடக்குமா, ஆட்களின் உயிருக்கு ஆபத்தா, அயலவருக்குத் தொந்தரவா, பிள்ளைகளுக்குத் தீங்கா. ஒரு பெண் பப் நடத்துவது ஒரு சமூகத்துக்குப் பிடிக்குமா என்பது அவற்றில் எதிலும் வராது. நான் கடிதத்தைப் பார்த்தேன். பண்பாடு போயிற்று, மானம் போயிற்று. பிள்ளைகளைப் பற்றிய நான்கு வரிகள்தான் மிஞ்சின. அவற்றை வாசித்தேன். முடிவில் என் அண்ணையைப் பற்றியும் சொன்னேன். தலைமை வகித்தவர் தலையைச் சாய்த்து ஆறுதல் சொன்னார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்காவின் முறை வந்தது. தோட்டம், குப்பை, வெளியேறும் வழி என்று கேட்டவற்றுக்கெல்லாம் தன் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பி, தமிழில் பேசத் தொடங்கினார்.

"தம்பி, இந்தக் கடிதத்திலை கையெழுத்து வைச்ச ஆக்களிலை ஒன்பது பேரை எனக்குத் தெரியும். ஒன்பது பேரும் சாராயம் விக்கிற கடை வைச்சிருக்கினம். உங்கட தலைவருக்கு மூண்டு கடை. இதே மாதிரி நீலக் கடதாசி அவையும் ஒட்டினவை, அப்ப நீங்கள் ஒருத்தரும் எழுதேல்லை. ஆம்பிளை போத்தலைப் பையிலை போட்டுக் குடுத்தால் அது வியாபாரம். பொம்பிளை கிளாசிலை ஊத்திக் குடுத்தால் மானக்கேடு."

அவர் நிறுத்தவில்லை.

"உங்கட அண்ணை ஒருக்கா எங்கட பப்புக்கு வந்தவர். வரேக்கையே நல்ல குடிவெறி. நான் குடுக்கமாட்டன் எண்டிட்டன். ஏசினவர். தேத்தண்ணி போட்டுக் குடுத்து, டாக்ஸி பிடிச்சு உங்கட வீட்டு வாசல்லை இறக்கச் சொன்னனான். அவருக்குக் குடுக்கமாட்டன் எண்டு சொன்ன ஒரு கடையைக் காட்டுங்கோ. ஒண்டு காட்டினால் நான் இப்பவே எழும்பிப் போறன்."

தலைமை வகித்தவர் பணிவாகக் குறுக்கிட்டார். சொன்னது பதிவாக வேண்டும், ஆனால் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லையே என்றார். அக்கா ஆங்கிலத்தில், "அவர் மொழிபெயர்ப்பார். என்னைவிட அவருக்கு நல்ல ஆங்கிலம்" என்று என்னைக் காட்டினார். அது வழக்கமில்லை என்று ஆலோசகர் தயங்கினார். உங்களுக்குச் சம்மதமா என்று தலைமை வகித்தவர் என்னைக் கேட்டார். பார்வையாளருக்கென்று சுவரோரம் போட்ட கதிரைகளில் ஒன்றில் இருந்த சங்கத் தலைவர் இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்கு விளங்கியது.

நான் எழுந்து மொழிபெயர்த்தேன். ஒன்பது பேர் என்பதை ஒன்பது பேர் என்றே சொன்னேன். மூன்று கடை என்பதை மூன்று கடை என்றேன். 'மானக்கேடு' என்பதற்குச் சரியான சொல் வர ஒரு கணம் எடுத்தது, அதையும் மென்மையாக்காமல் சொன்னேன். அண்ணையைப் பற்றிய இடம் வந்தபோது நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அந்த டாக்ஸி எனக்கு நினைவிருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவரை வாசலில் இறக்கிவிட்டு, காசு கேட்காமல் போன டாக்ஸி. யார் அனுப்பினார்கள் என்று நான் அண்ணையிடம் கேட்கவே இல்லை. மொழிபெயர்த்து முடித்ததும், "என் பங்குக்கு என் ஆட்சேபத்தைத் திருப்பி எடுக்கிறேன்" என்று சேர்த்துச் சொன்னேன். சங்கத்துக்காகப் பேச எனக்கு உரிமை இருக்கவில்லை, அதனால் என் பெயரை மட்டும்.

வெளியே படிக்கட்டில் தலைவர் காத்திருந்தார்.

"நீர் அதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம். அங்கை ஆருக்குத் தமிழ் தெரியும்?"

"ஏலாது அண்ணை," என்றேன். "எனக்குத் தெரியும்."

அதன்பிறகு சங்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம் எழுத வந்தவர்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். முதலில் உறுத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு மேசையில் இருந்துகொண்டு, இவர் எப்படிப்பட்ட பெண் என்று கேட்காமல், தோட்டக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டார்கள். அன்று என் கடிதத்தை வெட்டியபோது அது எனக்கு வறட்டுச் சட்டமாகத்தான் பட்டது. இன்று கேட்டால், எங்கள் சங்கம் முப்பது வருடத்தில் எந்தப் பெண்ணுக்கும் காட்டாத மரியாதை அந்தக் கேள்வியில் இருந்தது என்பேன். யார் முன்னாலும் சொல்வேன்.

லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் தோட்டத்தை மாலை ஏழு மணிக்கே மூட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அக்கா பத்து மணி கேட்டிருந்தார். கிடைத்ததே போதும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். "கோடையிலை ஏழு மணிக்கு வெய்யில் நிக்கும். வெய்யிலுக்கை இருக்கிற சனத்தை நான் எப்பிடி எழுப்பிக் கலைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு நிபந்தனையை எதிர்த்து நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார்.

அதற்கு அயலவர் ஒருவரின் வாக்குமூலம் உதவும் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னாராம். அந்தத் தோட்டத்தின் பின்மதிலுக்கு மறுபுறம் இருப்பது என் வீடு. நானே எழுதித் தருகிறேன் என்று போனேன். சத்தம் எவ்வளவு கேட்கும், என் மகள் எந்த அறையில் படுக்கிறாள், இத்தனை வருடத்தில் எத்தனை தடவை முறைப்பாடு செய்ய நேர்ந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன். கடைசியில், இவர் ஒழுக்கமும் மரியாதையும் உள்ள பெண்மணி என்று ஒரு வரி. என் பழைய கடிதத்துக்கு அது ஈடாகும் என்று நினைத்தேன்.

அக்கா பப்பின் கவுண்டருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பேனையை எடுத்து அந்தக் கடைசி வரியின் கீழ் கோடு போட்டுத் தாளை என்னிடம் திருப்பினார்.

"இதை வெட்டுங்கோ."

"ஏன் அக்கா? நல்லதுதானே எழுதியிருக்கிறன்."

"நான் ஒழுக்கமான பொம்பிளையோ இல்லையோ எண்டு அவையள் கேக்கேல்லை. நீங்களும் சொல்லத் தேவையில்லை. மதிலுக்கு அங்காலை என்ன சத்தம் கேக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அந்த வரியை அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வெட்டினேன்.

வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே தோட்டத்தை ஒன்பது மணிக்கு மூடுவதென்று கவுன்சிலும் அக்காவும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது லைசென்சின் சுருக்கம் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில், சட்டப்படி எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்குகிறது. அவருடைய முழுப்பெயரோடு. நான் இன்னும் குடிப்பதில்லை, அங்கே போய் உட்காருவதும் குறைவு. கோடைகாலப் பின்னேரங்களில் தோட்டத்துச் சிரிப்பு என் சமையலறை வரை வரும். சில நாள் அதிகமாகவே வரும். அப்போது அக்காவுக்குப் போன் எடுப்பேன். "ஓம் தம்பி, எனக்கும் கேக்குது, பொறுங்கோ" என்பார். கொஞ்ச நேரத்தில் குறையும். எல்லா நாளும் குறைவதில்லை.