இடது கைக்கு எட்டிய விசைகள்

போன ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கொடைக்கானலில் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில்தான் பதினாறு வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். ஜூன் என்றால் சான்றிதழ் கேட்டு ஜன்னலுக்கு வெளியே எப்போதும் வரிசை நிற்கும்.

"வீட்டுல ரெஸ்ட் எடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் இல்லாமலே எல்லாம் நடந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நான்காம் நாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இடது கையால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தேன். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையெல்லாம் அலைந்தது. படிப்புச் சான்று ஒன்றை முடிக்க அரை மணி நேரம் ஆனது. வருகைப் பதிவேடு பார்க்கும் பக்கத்து மேஜை அக்கா, "எந்திரிங்க, நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

"வேணாங்க்கா" என்றேன். கண் கலங்கிவிட்டது.

மதியம் ஜன்னல் மூடிய பிறகு, வேர்டின் அமைப்புகளைத் துழாவினேன். எந்தக் கட்டளைக்கும் நமக்கு வசதியான விசைகளை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஓர் இடம் இருந்தது. அச்சுக்கான கண்ட்ரோல்-பி என் இடது கைக்கு ஒரே பிடியில் எட்டவில்லை. அதை ஆல்ட்-க்யூ ஆக்கினேன். படிப்புச் சான்றின் வாசகத்தை அப்படியே சேமித்து, அதற்குக் கண்ட்ரோல்-எஸ் கொடுத்தேன். அது சேமிக்கும் விசை என்பது அந்த ஆர்வத்தில் மறந்தே போனது.

மறுநாள் பழக்கத்தில் விரல் அதை அழுத்த அழுத்த, நான் அடித்துக்கொண்டிருந்த சிஸ்டரின் சுற்றறிக்கைக்குள் மூன்று சான்றிதழ்கள் முளைத்தன. எட்டிப் பார்த்த அக்கா, "என்னங்க இது, சிஸ்டருக்கே சர்டிபிகேட்டா?" என்றார். விழுந்ததிலிருந்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அதை ஆல்ட்-டபிள்யூவுக்கு மாற்றினேன்.

அந்த வாரமே மன்னவனூரிலிருந்து ஒருவர் மகளுக்குச் சான்று கேட்டு வந்தார். "மூணு மணி பஸ்ஸ விட்டா ஊருக்குப் போறது செரமங்க. வெரசா கெடைக்குமாங்க?" என்றவர், என் கட்டைப் பார்த்ததும் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்கய்யா, நானே தாரேன்."

ஆல்ட்-டபிள்யூ. முழு வாசகமும் வந்து நின்றது. பெயர், வகுப்பு, வருடம் மட்டும் நிரப்பினேன். ஆல்ட்-க்யூ. அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தாள் வெளியே வந்துவிட்டது. சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார்.

"எனக்கும் இத வச்சுக் குடுங்களேன்" என்றார் அக்கா. அன்று சாயங்காலமே அவர் கணினியிலும் வைத்துக் கொடுத்தேன்.

கட்டுப் பிரிக்கப் போன அன்று நான் விடுப்பு. அன்றைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அக்காவே சான்றிதழ் அடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். மறுநாள் அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வலது கை விரல்கள் நன்றாக மடங்க இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். தினமும் ஒரு பந்தை அழுத்திப் பழகுகிறேன். நேற்று சுண்டுவிரலும் உள்ளங்கையைத் தொட்டுவிட்டது.